கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம்

முதல் நாள்: சித்தூர்

விடிகாலை நாலரைக்குக் கோவையை விட்டோம். வண்டி மச்சானுடையது, ஓட்டுவதும் அவர்தான். என் மனைவியின் அண்ணன். ஐம்பத்திரண்டு வயதாகிறது, இன்றுவரை ஒரு மிடறு பீர்கூட உள்ளே போனதில்லை. கேரளத்துக் கள்ளுக்கடைகளில் சாப்பிட்டுக்கொண்டே ஐந்து நாள் சுற்றப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது எல்லோரும் முறைத்தார்கள். அவர் மட்டும், "குடிக்கிற ஆளுக்கு வண்டி ஓட்டக் குடிக்காத ஆள் வேணுமில்ல மாப்ள, நான் வர்றேன்" என்றார். உள்காரணம் மீன். அவர் வீட்டில் புரட்டாசிக்கு மட்டுமில்லை, வருசம் பூராவும் மீன் வாடை ஆகாது.

பொள்ளாச்சி தாண்டிக் கோபாலபுரம் சோதனைச்சாவடி, கேரள எல்லை. இந்தப் பக்கமும் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை. பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர்தான் இரண்டு பக்கமும் பாய்கிறது. இந்தப் பக்கம் பாளையைச் சீவிக் கலயம் கட்டிக் கள் இறக்கினால் போலீஸ் வரும். 1987 ஜனவரி 1 முதல் தடை. அந்தப் பக்கம் அதே வேலைக்கு நலநிதி உண்டு. கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கென்று 1969இலேயே கேரளத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தோப்பில் நண்பர் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் போனபோது மரமேறி உச்சியில் இருந்தார். "இருங்க, வர்றேன்" என்று மேலிருந்து தமிழில் குரல் வந்தது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். தமிழ்ப் பள்ளிக்கூடங்களே இருக்கின்றன.

மரத்தில் முழத்துக்கு ஒன்றாகத் தேங்காய் மட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், அதுதான் படி. இறங்கி வந்தவர் இடுப்பில் கத்தி, முதுகுப் பக்கம் குடுவை, அப்புறம் ஒரு எலும்பு. மாட்டின் கால் எலும்பு என்றார். வருசக்கணக்காகக் கை பட்டுத் தந்தம் மாதிரி வழவழவென்று இருந்தது. விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, தினமும் இந்த எலும்பால் மெல்லத் தட்ட வேண்டுமாம். உள்ளே பூ கசங்க வேண்டும், மேலே பாளை கிழியக் கூடாது. இரண்டு மூன்று வாரம் இப்படித் தட்டிப் பழக்கினால்தான் நுனி சீவுகிற இடத்தில் ஈரம் கசியும். அதற்கப்புறம் காலையும் மாலையும் நகக்கனத்துக்குச் சீவிவிட வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும்.

"வீட்ல யாருக்கு என்ன ஆனாலும் மரத்துக்கு லீவு இல்லீங்க. கறவை மாடு மாதிரிதான்."

ராத்திரி கட்டின கலயத்தில் இறங்கியதை வடிகட்டி ஒரு டம்ளர் கொடுத்தார். மோரைவிடச் சற்று தண்ணியான வெள்ளை, ஓரமெல்லாம் நுரை. நான் வாங்குவதற்குள் மச்சான் வாங்கி மோந்து பார்த்தார். "பதநீர்தானே" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவலீங்க" என்றார் மரமேறி. "தடவுனா பதநீருங்க. தடவாட்டிக் கள்ளு."

மச்சான் காலி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சிகிட்டச் சொல்லிறாதீங்க மாப்ள."

விஷயம் உண்மையிலேயே அவ்வளவுதான். பாளையிலிருந்து சொட்டுவது வெறும் இனிப்புத் தண்ணீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அது விழ விழவே வேலையை ஆரம்பித்துவிடும். சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. ஒரு விரல் சுண்ணாம்பில் நிற்கிறது சட்டமும் குற்றமும். விடிகாலைக் கள்ளில் போதையைவிட இனிப்புதான் அதிகம். மச்சான் குடித்ததில் ஒரு கோழிகூட மயங்காது. ஆனால் பாவம், சித்தூர் வரும்வரை இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினார்.

தோப்பு முனையில் வேன் நின்றது. கேன் கேனாக ஏற்றினார்கள். எர்ணாகுளம், ஆலப்புழை என்று மரம் சீவ ஆள் கிடைக்காத மாவட்டங்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் தினமும் கள் போகிறது. ஆக, காயலோரத்தில் உட்கார்ந்து "ஆகா, குட்டநாட்டுக் கள்ளு" என்று நாம் உருகுவது பொள்ளாச்சிக்குப் பக்கத்துத் தோப்பில் தமிழில் பேசிக்கொண்டே இறக்கியதாகவும் இருக்கலாம். பயணத்தைத் தொடங்கும்போதே தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று.

பத்தரைக்கு முதல் கடை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் 'கள்ளு', அதற்குக் கீழே கடை எண். ஓட்டுக் கூரை, சிமென்ட் திண்ணை, மரப்பெஞ்சு. மெனு அட்டை கிடையாது. பரிமாறுகிறவர் வந்து நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்: "போட்டி, லிவர், பீஃப், காடை, முட்டை, கப்பை, பொரோட்டா." கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மீன் பட்டியல் சிறிசு, மச்சானுக்கு முகம் வாடியது. போட்டி வறுவல் வாங்கினோம். மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் போட்டுச் சுருளச் சுருள வறுத்தது. காரம் என்றால், கண்ணில் தண்ணீர் வந்து அது காரத்துக்கா சந்தோசத்துக்கா என்று தெரியாத காரம்.

அந்தக் காரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கள் புளிப்பும் இனிப்புமாக வாயை நனைத்து வைக்கும். மிதமான காரம் அதில் கரைந்து காணாமல் போய்விடும். ஷாப்புக் கறி என்று மலையாளிகள் சொல்கிற சமையலே கள்ளை மனசில் வைத்துச் செய்கிற சமையல்தான். அதைத் தனியாகச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டால் முரட்டுத்தனமாகத் தெரியும்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர், "பொள்ளாச்சியா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் டி.என். 41 வண்டிகள்தான் வரிசையாக நிற்குமாம்.

இரண்டாம் நாள்: ராமசேரி, திருச்சூர்

ராத்திரி பாலக்காட்டில் தங்கல். காலையில் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. கள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பாலக்காடு வரை வந்துவிட்டு ராமசேரி இட்லி சாப்பிடாமல் போனால் அப்புறம் தூக்கம் வராது.

காஞ்சிபுரத்திலிருந்து எப்போதோ வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் செய்வது. பார்வைக்குத் தடித்த ஊத்தப்பம் மாதிரித் தட்டையாக இருக்கும். மண்பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயில் நூல்வலை பின்னிய மண்வளையம், அதன்மேல் ஈரத்துணி, துணியில் மாவு. வளையத்தின்மேல் வளையம் அடுக்கி மூடிவிடுகிறார்கள். எடுக்கும்போது துணியோடு தூக்கித் தட்டில் கவிழ்த்து, துணியை உரிக்கிறார் அந்த அம்மா. இட்லியின் முதுகில் துணியின் இழை அப்படியே பதிந்திருக்கும். தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்த பொடியைத் தொட்டு மச்சான் ஆறு சாப்பிட்டார். "இது நம்ம ஊரு இட்லியோட சித்தப்பா மகன் மாப்ள" என்றார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் திருச்சூர் இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் தன் கடைகளை மூடித் தொழிலாளர்களை வெளியே அனுப்பியபோது, ஏ.கே. கோபாலன் முன்னின்று அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். அப்படிக் கேரளத்தில் முதலில் திறந்தது திருச்சூரில், 1958இல். விசிறித் தலைப்பாகை வைத்த சர்வர், கட்லெட்டிலும் மசால் தோசையிலும் பீட்ரூட். தோசைக்குள் சிவப்பைப் பார்த்ததும் மச்சான் சமையல் ஏதோ தப்பாகிவிட்டது என்று சர்வரைக் கூப்பிட்டுவிட்டார். "அது அங்ஙனயா சேட்டா" என்றார் அவர், அசையாமல். தினம் பத்துத் தமிழர்களுக்காவது இதைச் சொல்லியிருப்பார் போல.

சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாதாரண பார். 2014இல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களையெல்லாம் மூட அரசு முடிவெடுத்ததும், அப்புறம் அவை பீர், ஒயின் பார்லராக மாறி, 2017இல் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ளவை மறுபடி திறந்ததும் இங்கே எல்லோருக்கும் வீட்டுக்கதை மாதிரி மனப்பாடம். பின்பக்கக் கவுண்டரில் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிற கூட்டம். கறி என்று கேட்கக் கூடாது, 'டச்சிங்ஸ்' என்று கேட்க வேண்டும். சின்னத் தட்டில் அவித்த கடலை, ஊறுகாய், கால் முட்டை. ஆள் வருவதும் போவதும் ஏழு நிமிடத்தில் முடிகிறது. யாரும் யாரிடமும் பேசவில்லை. நம்மூர் பார்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பீரோடு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள்: உதயம்பேரூர்

மச்சானின் நாள் இது. கணக்கு டைரியில் இன்றைக்கான பக்கத்தில் காலையிலேயே 'மீன்' என்று தலைப்புப் போட்டுவிட்டார்.

எர்ணாகுளத்துக்குத் தெற்கே, திருப்பூணித்துறை தாண்டி உதயம்பேரூர். 1599இல் போர்த்துக்கீசியர்கள் இங்குள்ள நஸ்ரானிக் கிறிஸ்தவர்களை ரோமுக்கு அடங்கச் சொல்லி மாநாடு கூட்டிய ஊர். அந்தப் பழைய தேவாலயத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வழியில் முல்லைப்பந்தல் ஷாப்பின் வாசலில் வாடை பிடித்துக்கொண்டது. சரி, 1599 இத்தனை வருசம் காத்திருந்ததுதானே.

முல்லைப்பந்தல் என்றாலே மீன் தலைக்கறி. மண்சட்டியில் வந்தது. சட்டிக்கு மேலே ஒரு கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழம்பு இருட்டுச் சிவப்பு, மேலே எண்ணெய் மிதப்பு, அடியில் இரண்டு துண்டு குடம்புளி. நம் புளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மச்சானுக்கு விளக்கப் பார்த்தேன். நம் புளி குழம்பில் கரைந்து குழம்பாகவே ஆகிவிடும். குடம்புளி கறுத்த தோல் துண்டாக ஓரமாகக் கிடந்து, புகைவாடையோடு புளிப்பை மட்டும் விடும். மச்சான் கேட்கவில்லை. தாடை எலும்புக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற சதையை ஆள்காட்டி விரலால் நோண்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். பேச்சு மூச்சில்லை. கடைசியில் சட்டியில் ஒரு பெரிய எலும்புக்கூடும் இரண்டு குடம்புளியும் மட்டும் மிஞ்சின.

கூடக் கப்பை. நம் பக்கத்துக் குச்சிக்கிழங்குதான். நாம் பொங்கலுக்கு அவித்துச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு மீதியைச் சேகோ ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். இவர்கள் அதை மஞ்சளும் தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துப் போட்டுக் குழைத்து, மீன் குழம்புக்குச் சோறாக்கிவிட்டார்கள். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை ஊரெல்லாம் நடச்சொல்லித் தூண்டினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளைத் தாங்கியது கப்பைதான். பஞ்சத்துக்கு வந்த கிழங்கு, விருந்தாளியாகி உட்கார்ந்துவிட்டது.

கள் மதியத்துக்கு ஏற்ற பதத்தில் இருந்தது. இனிப்புப் போய்ப் புளிப்பு ஏறி, நாக்கின் ஓரத்தில் லேசாகக் கடித்தது. முதல் நாள் சித்தூர்ப் பாடம் இப்போது புரிகிறது. கள் என்று ஒரு பானம் கிடையாது. ஏழு மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. மலையாளத்தில் அதற்குத் தனித்தனிப் பேரே இருக்கிறது: மதுரக்கள்ளு, அந்திக்கள்ளு, மூத்தகள்ளு. கடையில் போய் வெறுமனே 'கள்' என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும்.

அது தெரிந்தும் ஏமாந்தேன். சாயங்காலம் நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய 'ஃபேமிலி' கடை. குளிர்சாதன அறை, அட்டை மெனு, வாசலில் பிளாஸ்டிக் வள்ளம். பேர் வேண்டாம். ஐந்தரை மணிக்கு வந்த கள் சர்க்கரைப்பாகு மாதிரி இனித்தது. மரத்திலிருந்து இறங்கிப் பத்து மணி நேரமான கள் இனிக்க நியாயமே இல்லை. குளிரில் வைத்திருந்தாலும் இவ்வளவு இனிக்காது. இருந்தும் காசு கொடுத்தாயிற்றே என்று ஒரு பாட்டிலை முடித்தேன். அது என் முட்டாள்தனம். எட்டு மணிக்குத் தலை இரண்டாகப் பிளந்தது.

மரங்களைவிடத் தாகம் பெரிசாகிவிட்டால் நடுவில் ஏதோ ஒன்று சேரத்தான் செய்யும். எக்சைஸ்காரர்கள் சாம்பிள் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள். ஆனாலும் பெரிய கடையில் இனிக்கிற அந்திக்கள்ளை நம்பாதீர்கள். இதை எழுதும்போதும் நெற்றியில் தைலம்தான்.

வைற்றிலாவில் ஒரு தட்டுக்கடை காப்பாற்றியது. தள்ளுவண்டி, ஒரு குண்டு பல்பு, தோசைக்கல். இரண்டு கட்டன்சாயா, ஒரு ஆம்லெட். மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டைரியில் 'மாப்ள தலைவலி: 0 ரூபாய்' என்று எழுதியிருந்ததை அப்புறம் பார்த்தேன்.

நான்காம் நாள்: கைனகரி

ஆலப்புழை படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் படகு ஏறினோம். ஹவுஸ்போட் வாடகைக்காரர்கள் பத்துப் பேர் மறித்தார்கள். அவர்கள் சொன்ன தொகையில் அரசுப் படகில் வருசம் முழுக்கப் போய் வரலாம். பள்ளிப் பிள்ளைகள், கேஸ் சிலிண்டர், ஒரு கூடை வாத்துமுட்டை, நாங்கள். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் வரப்புக்கு அப்பால் நெல்வயல், ஆற்றைவிடத் தாழ்வாக. குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பவை என்று படித்திருக்கிறேன். படகிலிருந்து குனிந்து வயலைப் பார்க்கும்போதுதான் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கிறது.

கைனகரியில் இறங்கியதும் துறையோரம் ஒரு குரு மந்திரம், சின்னக் கோயில் மாதிரி. கண்ணாடிக்குள் ஸ்ரீநாராயண குரு. மது விஷம், அதை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்று அவர் சொன்னது சுவரில். கள் இறக்குவதைக் குலத்தொழிலாகச் சுமத்தப்பட்ட ஈழவர்களிடம் அவர்களுக்குள்ளிருந்தே வந்தவர் சொன்னது அது. நம் பக்கத்தில் பெரியார் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். மந்திரத்தைத் தாண்டி ஐம்பது அடியில் எங்கள் கடை. இதைப் பற்றி எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடை என்றால், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வரப்பின்மேல் ஒரு நீளக் கொட்டகை. நாலு தடுப்பறை, நாலிலும் ஜன்னல் தண்ணீரைப் பார்த்து. பின்பக்கம் விறகடுப்பு. சமைப்பது அறுபது வயதிருக்கும் ஒரு சேச்சி. பரிமாறுவது அவர் மகன். மச்சான் போனதும், "என்ன அம்மிணி, மீன் என்ன இருக்கு?" என்றார், கோவைப் பழக்கத்தில். அந்தம்மா கரண்டியோடு திரும்பி, "அம்மிணி என்றெ அனியத்தியா" என்றார். இங்கே அம்மிணி என்பது பேர். அவர் தங்கை பேராம். கடையே சிரித்தது. அதற்கப்புறம் மச்சான் அந்தக் கடைக்கு மாப்பிள்ளை மாதிரிதான். அடுப்படிக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் கக்கா வந்தது. வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி வாரியெடுக்கிற சிப்பி. விரல் நகம் அளவு சதை, தேங்காய்த் துருவலோடு சுருள வதக்கியது. மென்றால் கடைசியில் ஒரு மணல், ஒரே ஒரு மணல், பல்லில் நெறிபடும். அது இல்லாவிட்டால் காயல் சிப்பியென்று எப்படி நம்புவது. அப்புறம் கரிமீன், வாழையிலையில் பொதிந்து சுட்டது. கேரளம் 2010இல் இதை மாநில மீனாக அறிவித்தது. மாநில மீனுக்கு இவ்வளவு முள் ஆகாது என்பது என் கருத்து. மச்சானுக்கு அந்த முள்ளே சந்தோசம்.

ஆனால் இந்தக் கடைக்கு நாங்கள் வந்த பலன் தாராவு. வாத்து. குட்டநாட்டில் சாரா, செம்பல்லி என்று இரண்டு நாட்டு வாத்து உண்டு. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று அலைபவை. சேச்சி செய்ததை நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். மிளகு, இஞ்சி, பூண்டு, மல்லித்தூள் புரட்டி முதலில் வேகவைத்தார். வெந்ததை எடுத்துத் தேங்காயெண்ணெயில் தோல் சிவக்கப் பொரித்தார். அதே எண்ணெயில் வெங்காயம் வதக்கி, வெந்த நீரை ஊற்றி, வாத்தை மறுபடி உள்ளே போட்டார். கடைசியாக மூலையிலிருந்த பீங்கான் பரணியின் துணியை அவிழ்த்து, சிரட்டைக் கரண்டியால் ஏதோ ஒரு கரண்டி மொண்டு ஊற்றினார். சட்டியிலிருந்து எழுந்த ஆவி மூக்கில் ஏறி மச்சான் மூன்று தும்மல் தும்மினார்.

"சொறுக்கா" என்றார் சேச்சி.

வினிகர். கடையில் விற்காமல் மிஞ்சுகிற கள்தான். மறுநாளுக்குக் குடிக்க முடியாத அளவுக்குப் புளித்துவிடும், கொட்டவும் மனசு வராது. பரணியில் ஊற்றித் துணிகட்டி வைத்தால் நாள்பட நாள்பட மதுவெல்லாம் புளிப்பாக மாறிவிடுகிறது. மேலே மெல்லிசாக ஓர் ஆடை படியும். அதைக் கலைக்கக் கூடாது. பழசைத் தீர்க்காமல் புதுசை அதன்மேல் ஊற்றிக்கொண்டே வருகிறார். "இது என்றெ அம்மேடெ பரணி" என்றார். அப்படியானால் அதன் அடியில் கிடப்பது எந்த வருசத்துக் கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

வாத்துக் கொழுப்பு அடைக்கும், திகட்டும். அந்த ஒரு கரண்டி புளிப்பு அதை அறுத்துவிடுகிறது. அப்பத்தைக் கிழித்து, வாத்துக் குழம்பில் தோய்த்து, மேலே ஒரு வாய் மதியக் கள். அப்பமும் கள் விட்டுப் புளிக்கவைத்த மாவுதான். ஆக இலையில் இருந்த மூன்றிலும் ஒரே மரத்தின் சாறு, மூன்று வயதில். இதை மச்சானிடம் சொன்னேன். "அப்ப நானும் நாலு நாளா குடிச்சிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றார் வருத்தமாக. பிறகு இன்னொரு அப்பம் எடுத்துக்கொண்டார்.

பக்கத்துத் தடுப்பில் வயலில் வரப்புக் கட்டுகிற ஆட்கள் ஐந்து பேர். மண் அப்பிய கால், இரண்டு பாட்டில் கள், ஒரு தட்டு கப்பை, ஒரே ஒரு மீன் கறி ஐந்து பேருக்கும். கறியைத் தொட்டுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், காட்டிக்கொண்டார்கள். இருபது நிமிடம், பெரிய பேச்சு, நெல் விலையைப் பற்றி. எழுந்து போகும்போது எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் மேசையில் மூன்று சட்டி. கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது மச்சான் சேச்சியிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். காலி பாட்டிலைக் கழுவி, பரணியிலிருந்து முக்கால் பாட்டில் ஊற்றி, வாழைச்சருகைச் சுருட்டி வாயை அடைத்துக் கொடுத்தார் அந்தம்மா. காசு வாங்க மாட்டேன் என்றார். மச்சான் நூறு ரூபாயைப் பரணிக்குக் கீழே சொருகிவிட்டு ஓடிவந்து படகில் ஏறினார்.

ஐந்தாம் நாள்: திரும்பினோம்

எழுத அதிகமில்லை. காலை ஆலப்புழையில் புட்டும் கடலையும். அங்கமாலி தாண்டிப் போக்குவரத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம். சித்தூரில் நிறுத்தி ஒரு டம்ளர் குடிக்க ஆசையாக இருந்தது. மணி மூன்றரை, முதல் நாள் பார்த்த மரமேறி சாயங்காலச் சீவலுக்குக் கிளம்பியிருப்பார். நிறுத்தவில்லை.

ஐந்து நாள் கணக்கை மச்சான் வழியில் வாசித்தார். டீசல், தங்கல் நீங்கலாக, இரண்டு பேர் வயிற்றுக்கும் என் கள்ளுக்குமாக 5,870 ரூபாய். அதில் பாதிக்கு மேல் மீன். அந்த 'ஃபேமிலி' கடை மட்டும் தனிக்கட்டத்தில், பேனாவால் இரண்டு அடிக்கோடு.

கோபாலபுரம் சாவடியில் இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் கைகாட்டினார். பின் சீட்டில் சருகு அடைத்த பாட்டில், உள்ளே கலங்கின வெள்ளை. வேறு என்ன நினைப்பார்.

"என்னங்க இது?"

"வினிகருங்க" என்றார் மச்சான். "மீன் குழம்புக்கு."

"வினிகரா? சருகு வெச்சு அடைச்சா?"

சருகைப் பிடுங்கி மூக்கருகில் கொண்டுபோனார். மச்சான் நேற்றுத் தும்மியது மாதிரியே மூன்று தும்மல். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை நீட்டினார்.

"போங்க, போங்க."

கிணத்துக்கடவு வந்ததும் மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். "மாப்ள, வீட்ல இதை எங்க வெக்கிறது? மீனுக்குன்னு சொன்னா உள்ளயே விடமாட்டா. ஊறுகாய்க்குன்னு சொல்லிரலாமா?"